கணினியின் உள் ஸ்பீக்கரில் சுரம் எழுப்பிய அனுபவங்கள்

உறுப்பினர், மயிலாடுதுறை

1991-இல் அத்தை வீட்டுக் கூடத்தில் ஐ.பி.எம். வகைக் கணினி ஒன்று இருந்தது. ஒலி அட்டை கிடையாது. பெட்டிக்குள் உள்ளங்கையை விடச் சிறிய ஸ்பீக்கர் ஒன்றுதான் இருந்தது. ஜி.டபிள்யூ. பேசிக் மொழியில் ‘சவுண்ட்’ என்று எழுதி, அதிர்வெண்ணையும் கால அளவையும் கொடுத்தால் அது ஒலிக்கும். கால அளவை வினாடியில் சொல்ல முடியாது. கணினியின் கடிகாரம் வினாடிக்கு ஏறத்தாழ 18.2 முறை துடிக்கிறது. அந்தத் துடிப்புகளின் எண்ணிக்கையைத்தான் கொடுக்க வேண்டும். அரை வினாடிக்கு 9 என்று வைத்துக்கொண்டு, கர்நாடக இசையின் தொடக்கப் பயிற்சியான சரளி வரிசையின் முதல் வரிசையை மாயாமாளவகௌளை ராகத்தில் எழுத உட்கார்ந்தேன்.

முதல் சுரமான சட்ஜத்துக்கு 240 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு 240 அதிர்வு) என வைத்தேன். மற்ற சுரங்களுக்கு, ஒரு ஸ்தாயியை, அதாவது சட்ஜம் முதல் மேல் சட்ஜம் வரையுள்ள இடைவெளியை, பன்னிரண்டு சம விகிதப் படிகளாகப் பிரிக்கும் கணக்கைப் பயன்படுத்தியதில் அந்தர காந்தாரம் 302 என்று வந்தது. அத்தை தம்புராவை அதே சட்ஜத்துக்குச் சேர்த்து மீட்டிக்கொண்டே கேட்டார். “காந்தாரம் ஏறி நிக்குதுடா, தம்புரா சொல்றது வேற” என்றார். நன்றாகச் சுருதி சேர்ந்த தம்புராவில் மந்தர சட்ஜத் தந்தியிலிருந்தே அந்தர காந்தாரம் தானாக எழுந்து கேட்கும். என்னுடைய 302 அதோடு இசையவில்லை. இசைப் பாடநூலிலிருந்த விகிதங்களின்படி காந்தாரத்தைச் சட்ஜத்தின் 5/4 மடங்காக மாற்றினேன், 300 ஆயிற்று. ரிஷபம் 16/15, மத்யமம் 4/3, பஞ்சமம் 3/2, தைவதம் 8/5, நிஷாதம் 15/8 என்று போட்டுப் பார்த்தபோது 240, 256, 300, 320, 360, 384, 450, 480 என எட்டும் முழு எண்களாகவே அமைந்துவிட்டதில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்றும் நினைவில் இருக்கிறது. அத்தை ஒன்றும் சொல்லாமல் தம்புராவோடு சேர்ந்து பாடத் தொடங்கினார்.

அந்த ஸ்பீக்கருக்கு ஒலியைக் கூட்டவோ குறைக்கவோ வழியில்லை. மின்சாரம் ஒன்று பாயும், இல்லையேல் நிற்கும். அதனால் ஒலி கரகரப்பாகத்தான் வரும். ஆனால் சுருதிப் பிழை ஒளிந்துகொள்ள அதில் இடமே இல்லை என்பதால், சுருதியை எண்ணாகப் புரிந்துகொள்ள நினைப்பவருக்கு அதைவிட நல்ல கருவி இல்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

உறுப்பினர், கோயம்புத்தூர்

அத்தையின் தம்புராவைப் பற்றி எழுதிய நண்பருக்கு நன்றி. நான் கல்லூரி ஆய்வகத்தில் டர்போ சி என்ற நிரல் எழுதும் மென்பொருள் வழியாக இதே ஸ்பீக்கரிடம் வந்து சேர்ந்தேன். அதில் ‘சவுண்ட்’ என்றால் ஒலி தொடங்கும், ‘டிலே’ என்றால் காத்திருக்கும், ‘நோசவுண்ட்’ என்றால் ஒலி நிற்கும். ஒரு நாள் கடைசிக் கட்டளையை எழுத மறந்துவிட்டேன். நிரல் முடிந்து டாஸ் இயங்குதளத்தின் திரை வந்த பிறகும் ஒலி நிற்கவில்லை. வேறொரு நிரலை ஓட்டினாலும் அது பாட்டுக்கு ஒலித்துக்கொண்டே இருந்தது. நிரலே முடிந்துவிட்ட பிறகு ஒலிப்பது யார் என்ற கேள்வி என்னை விடவில்லை.

ஆய்வகப் பொறுப்பாளராக இருந்த ஐயாதான் விடையைக் காட்டினார். ஒலியை எழுப்புவது கணினியின் மையச் செயலி (சி.பி.யு.) அல்ல, இன்டெல் 8253 என்ற தனிக் காலக்கணிப்புச் சில்லு. அதற்குள் வினாடிக்கு 11,93,182 துடிப்புகள் வருகின்றன. நாம் ஓர் எண்ணைக் கொடுத்தால் அத்தனை துடிப்புக்கு ஒரு முறை அது ஓர் அலையை முடிக்கும். 240 ஹெர்ட்ஸுக்கு 4972 வேண்டும். 67-ஆம் போர்ட்டுக்கு (சில்லுகளோடு செயலி பேசும் வாயில்) 182 என்ற கட்டளையை அனுப்பி, 66-ஆம் போர்ட்டுக்கு முதலில் 108, பிறகு 19 என அந்த எண்ணை இரண்டு பைட்டுகளாகக் (19 × 256 + 108 = 4972) கொடுத்து, 97-ஆம் போர்ட்டின் கடைசி இரண்டு பிட்டுகளையும் 1 ஆக்கினால் சட்ஜம் ஒலிக்கும். ஒரு பிட் எண்ணியை ஓட விடுகிறது. மற்றது அதன் ஒலியை ஸ்பீக்கர் வரை விடுகிறது. மீண்டும் 0 ஆக்கும் வரை செயலி வேறு எதைச் செய்தாலும் ஒலி தொடரும்.

இது தெரிந்த பிறகுதான் கமகத்துக்கு, அதாவது சுரத்தை அசைத்தும் வழுக்கியும் இசைப்பதற்கு, வழி பிறந்தது. தைவதத்திலிருந்து பஞ்சமத்துக்கு ஒரே தாவலாகப் போகாமல், 5 மில்லிவினாடிக்கு ஒரு முறை எண்ணைச் சிறிது சிறிதாக மாற்றினால் சுரம் வழுக்கி இறங்குகிறது. வீணையின் நெளிவு அதில் வராது என்றாலும், தனித்தனிப் புள்ளிகளாக நின்ற சுரங்களுக்கு நடுவே ஒரு கோடு விழுந்ததைக் கேட்க முடிந்தது. பிற்கால விண்டோஸ் சாதாரண நிரல்களை இந்தப் போர்ட்டுகளை நேரடியாகத் தொட விடுவதில்லை. முயல விரும்புவோர் பழைய டாஸ் கணினியைப் போல நடிக்கும் டாஸ்பாக்ஸ் மென்பொருளில் டர்போ சி-யை ஓட்டினால் இதே நிரல் வேலை செய்யும்.

உறுப்பினர், திருநெல்வேலி

எங்கள் வீட்டில் திரை இணைக்காத லினக்ஸ் சர்வர் ஒன்று ஓடுகிறது. பல லினக்ஸ் தொகுப்புகள் ஸ்பீக்கருக்கான மாட்யூலை (அதை இயக்கும் நிரல்துண்டு) தாமாக ஏற்றுவதில்லை; அதை ஏற்றி, ‘பீப்’ என்ற சிறு நிரலை நிறுவி, அதிர்வெண்ணையும் மில்லிவினாடியையும் கொடுத்துவிட்டேன். மின்தடைக்குப் பிறகு இயந்திரம் எழுந்தால் சட்ஜம், இணையம் கிடைத்தால் பஞ்சமம், தரவு வைத்திருக்கும் டிஸ்க் சரியாக இணைந்தால் மேல் சட்ஜம். நேற்று மாலை மின்சாரம் வந்தபோது முதல் இரண்டும் கேட்டன, மூன்றாவது கேட்கவில்லை. டிஸ்க்கின் கேபிள் தளர்ந்திருக்கும் என்று அடுப்படியில் நின்றபடியே தெரிந்துகொண்டேன்.