அப்பளம் காயவைக்க சூரிய வெப்பம், சாணவாயு இரண்டும் சேர்ந்த பெட்டி: ஆராய்ச்சிக்கு யார் பணம் தருவார்கள்?

கப்பலூர் லேத்:

எல்லாருக்கும் வணக்கம். கப்பலூரில் சின்னதாக ஒரு லேத், வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். படிப்பு டிப்ளமாதான். அக்காவைக் கட்டிக்கொடுத்தது திருமங்கலம் பக்கம். அங்கே அக்காவும் ஏழெட்டுப் பெண்களும் அப்பளம் போடுகிறார்கள். ஐப்பசி, கார்த்திகை வந்தால் தொழில் படுத்துவிடும். போன ஐப்பசியில் மூன்று நாள் விடாத மழை. காயாத அப்பளம் பூசணம் பிடித்து இரண்டு சாக்கு மாட்டுத் தொட்டிக்குப் போனது. மாடுகூட முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

அந்தக் கடுப்பில் ஒரு பெட்டி செய்தேன். கறுப்பு பெயிண்ட் அடித்த தகடு, மேலே கண்ணாடி, மொத்தம் 4 சதுர மீட்டர். உள்ளே தட்டுகள். காற்றைத் தள்ள நான்கு டிசி ஃபேன், அதற்கு 50 வாட் பேனல். வெயில் இல்லாத நாளுக்கு அடியில் சாணவாயு அடுப்பு. அக்கா வீட்டில் ஐந்து மாடு, நாளுக்கு 2 கன மீட்டர் வாயு தரும் கோபர் கேஸ் (சாணவாயு) கலன் ஏற்கெனவே இருக்கிறது. கைக்காசு 68,000 ரூபாய் போய்விட்டது. வெயில் நாளில் அருமையாகக் காய்கிறது. கேஸில் காய்கிறது, ஆனால் சில தட்டு முறுகி விரிகிறது, சில தட்டு நமுத்தே கிடக்கிறது.

இதைச் சரிசெய்து இன்னொன்று செய்து பார்க்கப் பணம் வேண்டும். வங்கியில் கேட்டால் தொழிலுக்குத்தான் கடன், பரீட்சார்த்தத்துக்கு இல்லை என்கிறார்கள். என்னைப் போன்ற ஆளுக்கு ஆராய்ச்சி நிதி தருவார்களா? எங்கே போய்க் கேட்பது?

மாட்டுத்தாவணி ராஜா:

பிஎம் சூர்ய கர் திட்டத்தில் போடுங்க பாஸ். 3 கிலோவாட்டுக்கு 78,000 மானியம். கணக்கு நேராயிடும்.

வைகைக்கரை:

அது வீட்டு மாடியில் பேனல் போட்டு மின்சாரம் எடுப்பவருக்கு. அப்பளப் பெட்டிக்கு அதில் இடமில்லை. மானியம் வேறு, ஆராய்ச்சி நிதி வேறு. மானியம் என்பது ஏற்கெனவே தேறிய பொருளை வாங்குகிறவருக்குத் தருவது. தம்பி கேட்பது இன்னும் தேறாத பொருளுக்கு.

நான் 1983 முதல் உசிலம்பட்டி, செக்கானூரணி, பேரையூர் பக்கம் கோபர் கேஸ் கட்டும் வேலைக்கு மேற்பார்வை பார்த்தவன். தேசிய சாண எரிவாயுத் திட்டம் 1981-82ல் வந்த புதிது. காதி கமிஷன் மாடல்: கீழே செங்கல் கிணறு, மேலே மிதக்கும் இரும்பு டிரம். வருஷா வருஷம் டிரம்முக்கு பெயிண்ட் அடிக்க வேண்டும். யார் அடிப்பார்கள்? எங்கள் சொந்த வீட்டிலேயே அடிக்கவில்லை. ஆறாவது வருஷம் விளக்குமாற்றுக் குச்சியால் குத்தினாலே ஓட்டை விழுந்தது. அம்மா ஒரு வார்த்தை பேசாமல் விறகு அடுப்பை மறுபடி மெழுகிப் பற்றவைத்தார். அந்தக் குழியில் இப்போது முருங்கை நிற்கிறது, நல்ல காய்ப்பு.

1984ல் தீனபந்து மாடல் வந்தது. டிரம்மே இல்லை, எல்லாம் செங்கல் குவிமாடம். துரு ஒழிந்தது. ஆனால் குவிமாடத்தில் மயிரிழை விரிசல் விட்டாலும் வாயு போய்விடும், அதைப் பூசத் தெரிந்த கொத்தனார் தாலுகாவுக்கு இரண்டு பேர் இருந்தால் அதிகம். எங்கள் அலுவலகத்தில் மாதக் கூட்டம் என்றால் 'எத்தனை கட்டினீர்கள்' என்பதுதான் கேள்வி. 'போன வருஷம் கட்டியதில் எத்தனை எரிகிறது' என்று நான் வேலை பார்த்த காலத்தில் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் பலருக்கு வேலை போயிருக்கும், எனக்கும் சேர்த்து.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், தம்பி, இரண்டாவது பெட்டிக்குப் பணம் கேட்காதீர்கள். முதல் பெட்டியை ஒரு வருஷம் அளந்து பார்க்கப் பணம் கேளுங்கள். பெட்டி செய்தவர்கள் ஊருக்கு ஒருவர் இருக்கிறார்கள். ஆடி முதல் ஆனி வரை எடை, ஈரப்பதம், வாயு செலவு எழுதிவைத்த நோட்டு யாரிடமும் இல்லை. கமுதியில் 2016ல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் வந்தது. அந்த அளவில் முதலீடு தானாக வரும். 4 சதுர மீட்டர் பெட்டிக்கு நோட்டுதான் சிபாரிசு.

முதலில் ஒரு வேலை செய்யுங்கள். கேஸில் மட்டும் காயவைக்கும் நாளில் ஈர எடை, காய்ந்த எடை இரண்டும் போட்டு இங்கே எழுதுங்கள்.

ஆய்வு மாணவி, நாகமலை:

ஐயா சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதிக்கு விண்ணப்பப் படிவம் ஒத்துக்கொள்ளாது. எந்தப் படிவத்தைத் திறந்தாலும் 'புதுமை என்ன?' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் 'ஒரு வருஷம் எடை போடப்போகிறேன்' என்று எழுதினால் முதல் சுற்றிலேயே தூக்கிவிடுவார்கள். நான் வேலை பார்த்த ஒரு திட்டத்தில் கருவிக்குப் பணம் வந்தது, தினமும் ரீடிங் எடுக்கிற ஆளுக்குச் சம்பளம் வரவில்லை. அதுவும் பிப்ரவரி கடைசியில் வந்தது. மார்ச் 31க்குள் செலவழித்துப் பயன்பாட்டுச் சான்றிதழ் கொடு என்றார்கள். வெப்பம் அளக்கும் தெர்மோகப்பிள் பெட்டி பிரிக்காமலே ஒரு வருஷம் பீரோவில் இருந்தது.

அண்ணே, உங்கள் அளவுக்கு எனக்குத் தெரிந்த கதவுகள் இவை. தமிழ்நாடு தொழில்முனைவோர் மேம்பாட்டு மற்றும் புத்தாக்க நிறுவனத்தின் புத்தாக்க வவுச்சர்: முதல் கட்டம் 2 லட்சம் வரை, அடுத்தது 5 லட்சம் வரை. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் 'நிதி பிரயாஸ்' என்ற திட்டம், மாதிரி செய்து பார்க்க 10 லட்சம் வரை. இரண்டுக்கும் நேரே டெல்லிக்கோ சென்னைக்கோ எழுதிப் பயனில்லை, ஒரு நிறுவனத்தின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும். ஒத்தக்கடை வேளாண் கல்லூரி வளாகத்தில் மபிஃப் என்ற தொழில் வளர்ப்பகம் இருக்கிறது. உணவுப் பொருள் உலர்த்துவது அவர்கள் பேசும் பாஷை. அங்கிருந்து தொடங்குங்கள். புதுத் தொழில்களுக்கு உதவும் தமிழக அரசு அமைப்பான ஸ்டார்ட்அப் டிஎன்-னுக்கும் மதுரையில் மண்டல மையம் உண்டு. காந்திகிராமப் பல்கலைக்கழகத்தில் ஊரக எரிசக்திக்கென்றே ஒரு மையம் இருக்கிறது, பெட்டியைச் சோதிக்க அவர்களிடம் பேசலாம். தொகையும் விதியும் மாறிக்கொண்டே இருக்கும், போகும்போது ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

பைராக் அமைப்பின் பிக் நிதி 50 லட்சம் வரை என்று யாராவது ஆசை காட்டுவார்கள். அது உயிரித் தொழில்நுட்பத்துக்கு, போட்டி கடுமை, இப்போது வேண்டாம். மத்திய புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகமும் ஆய்வுக்குத் தருகிறது. ஆனால் அரசு, லாபநோக்கற்ற ஆய்வு நிறுவனம் என்றால் முழுச் செலவு, தனியார் என்றால் ஒரு பகுதிதான். அதனால் கல்லூரி பெயரில் விண்ணப்பம், உங்கள் பட்டறையில் வேலை என்று போவது உத்தமம். யாருக்கு எது சொந்தம் என்று முதல் நாளே எழுதி வாங்கிவிடுங்கள், அப்புறம் வருத்தப்பட வேண்டாம்.

இன்னொன்று. சாணவாயுவை அப்பளத்துக்கு அடியிலேயே நேராக எரிக்கிறீர்களா? அதில் ஹைட்ரஜன் சல்ஃபைடு இருக்கும், அழுகிய முட்டை வாடை. அதை எரித்த புகை உணவில் படக்கூடாது.

கப்பலூர் லேத்:

ரொம்ப நன்றி. நேராகத்தான் எரித்தேன், இனி எரிக்க மாட்டேன். ஒரு சுருள் குழாய் வைத்து, புகை தனியே வெளியே போக, சுத்தக் காற்று மட்டும் சூடாகிற மாதிரி மாற்றுகிறேன்.

எடை போட்டேன். நேற்று மேகமூட்டம், கேஸ் மட்டும்தான். உள்ளே வைத்தது 20 கிலோ. எடுத்தது 16 கிலோ 400 கிராம். கேஸ் தீர்ந்து அடுப்பு அணைந்துவிட்டது.

வைகைக்கரை:

நல்லது. அந்த வாயுவை அடுப்புக்கு விடும் முன் இரும்புத் துருவல் நிரப்பிய குழாய் வழியாக விடுங்கள். லேத்தில் விழும் சீவலை நனைத்துத் துருப்பிடிக்க வைத்தால் போதும், கந்தகத்தைப் பிடித்துக்கொள்ளும். கறுத்ததும் வெளியே கொட்டிக் காற்றாட விட்டு மறுபடி நிரப்பலாம். ஒரேயடியாகக் குவித்து வைக்காதீர்கள், சூடேறும்.

இப்போது கணக்கு. ஒரு கன மீட்டர் சாணவாயுவில் ஏறக்குறைய 6 யூனிட் (மின்சாரத்துக்குச் சொல்லும் அதே யூனிட், கிலோவாட் மணி) வெப்பம். 2 கன மீட்டருக்கு 12. வெளியேறிய நீர் 3.6 கிலோ. ஒரு கிலோ நீரை ஆவியாக்க 0.63 யூனிட், ஆக 2.27 யூனிட். 12ல் 2.27 என்றால் 19 சதவீதம். மூன்றில் ஒரு பங்காவது வர வேண்டும். மீதி எல்லாம் சந்து பொந்து வழியாக ஊரைச் சூடாக்கிக்கொண்டிருக்கிறது. கதவு ரப்பரைப் பாருங்கள்.

கப்பலூர் லேத்:

ஐயா, அக்காவிடம் உங்கள் கணக்கைச் சொன்னேன். சிரிக்கிறார். காலைச் சோறு, குழம்பு, இரண்டு தடவை காப்பி எல்லாம் அதே கேஸில்தான். நான் போய்ச் சேர்ந்தது பத்தரை மணிக்கு. மழைக்காலத்தில் கேஸே கம்மியாகத்தான் வருகிறது என்றும் சொல்கிறார், இத்தனை நாள் எனக்குத் தெரியாது. எனக்கு மிஞ்சியது பாதி, 1 கன மீட்டர் என்று வைத்தால் 38 சதவீதம் வருகிறதே. எது சரி?

வைகைக்கரை:

அக்காவைத்தான் திட்ட அதிகாரியாகப் போட்டிருக்க வேண்டும். குளிர்ந்தால் வாயு குறையும், அவர் சொல்வது சரி. அப்பளம் காயாத நாளில்தான் கேஸும் குறைகிறது என்றால் அதுவே பெரிய விஷயம், விண்ணப்பத்தில் முதல் பத்தியாகப் போடுங்கள். மாணவி சொன்ன 'புதுமை என்ன?' கட்டம் நிரம்பிவிடும்.

19ஆ 38ஆ என்பது குழாயில் மீட்டர் இல்லாமல் தெரியாது. என் வீட்டுப் பரணில் பழைய வாயு மீட்டர் ஒன்று கிடக்கிறது. முள் ஒட்டிக்கொண்டிருக்கும், தட்டினால் ஓடும். ஞாயிற்றுக்கிழமை காலை கொண்டுவருகிறேன். குழாயை இணைக்க முக்கால் அங்குல யூனியன் இரண்டு வாங்கி வையுங்கள், டெஃப்லான் டேப் என்னிடம் இருக்கிறது. அக்காவை அன்று மட்டும் காப்பியைச் சிலிண்டரில் போடச் சொல்லுங்கள்.