சூசி ஆர்பக்: உடம்பை வெறுக்காதே என்றவர் சோப்பு விளம்பரத்துக்குப் போகலாமா?

நீலக்குறிஞ்சி:
பெண் குண்டானால் அவள் வாயைக் கட்டாததுதான் காரணம் என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், 1978-ல், லண்டன் உளவியல் சிகிச்சையாளர் சூசி ஆர்பக் ‘ஃபேட் இஸ் எ ஃபெமினிஸ்ட் இஷ்யூ’ (குண்டாக இருப்பது பெண்ணியப் பிரச்சினை) என்ற புத்தகம் எழுதி, டயட்தான் பெண்களைச் சாப்பாட்டோடு மல்லுக்கட்ட வைக்கிறது என்றார். பசித்தால் சாப்பிடு, வயிறு நிறைந்தால் நிறுத்து, அவ்வளவுதான். வெறும் எழுத்து மட்டுமில்லை, 1976-லேயே லூயிஸ் ஐகன்பாமோடு சேர்ந்து பெண்களுக்கான சிகிச்சை மையம் தொடங்கியவர். இவ்வளவு பேருக்கு நேரடியாக உதவிய பெண்ணிய எழுத்தாளர்கள் குறைவு.

கரிசல்:
உதவினார், மறுக்கவில்லை. ஆனால் 2004-ல் டவ் சோப்பின் ‘உண்மையான அழகு’ விளம்பரத்துக்கு ஆலோசகராகப் போனாரே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? வெள்ளை உள்ளாடையோடு சிரித்துக்கொண்டு நின்ற அந்தப் பெண்கள் விற்றது தோலை இறுக்கும் க்ரீமை. உன் உடம்பு அழகுதான் என்று சொல்லிக்கொண்டே அதை இறுக்க டியூப் விற்பது எந்த ஊர் நியாயம்? டவ்வை வைத்திருக்கும் யூனிலீவர்தான் அப்போது ஃபேர் அண்ட் லவ்லியும் விற்றது. பெயரிலிருந்து ‘ஃபேர்’ போகவே 2020 ஆகிவிட்டது.

நீலக்குறிஞ்சி:
சரி, ஆனால் தன் தொடையைப் பார்த்து அழுகிற பதின்மூன்று வயதுப் பெண் ஆர்பக்கின் புத்தகத்தைத் தேடிப் போகமாட்டாள், தெருவில் இருக்கிற விளம்பரப் பலகையைத்தான் பார்ப்பாள். முகமெல்லாம் சுருக்கம் விழுந்த, தொண்ணூறைத் தாண்டிய ஒரு பாட்டியை அவ்வளவு பெரிதாக அந்தப் பலகையில் அதற்கு முன் யார் வைத்தார்கள்?

பனிமலர்:
எனக்கு டவ்வைவிட அந்தப் புத்தகத்தோடுதான் சண்டை. ஆரம்பகாலப் பதிப்பின் துணைத்தலைப்பே, டயட் இல்லாமல் நிரந்தரமாக எடை குறைக்க வழிகாட்டி என்பதுதான். அதாவது குண்டாக இருப்பவள் மனதில் ஏதோ சிக்கல், அது தீர்ந்தால் இளைத்துவிடுவாள் என்ற கணக்கு. அதற்கு முன்பே, 1973-ல், லாஸ் ஏஞ்சலஸில் குண்டானவர்களின் உரிமைக்காகப் போராடிய ‘ஃபேட் அண்டர்கிரவுண்ட்’ குழுவின் பெண்கள் வெளியிட்ட அறிக்கை குண்டானவர்களுக்கு முழு மரியாதை கேட்டது, இளைத்துக் காட்டுகிறோம் என்று சொல்லிக் கேட்கவில்லை. காதுவலி என்று போனாலும் முதலில் எடை மெஷினில் ஏறு என்கிற டாக்டரைப் பார்த்தவர்களுக்கு இந்த வித்தியாசம் புரியும்.

நீலக்குறிஞ்சி:
அந்தத் துணைத்தலைப்பு எனக்கும் உறுத்தும். ஆனால் 2009-ல் வந்த ‘பாடீஸ்’ படியுங்கள், அதில் அவர் வெகுதூரம் வந்துவிட்டார்.

கரிசல்:
படித்தேன். நம் உடம்பையே ஓயாமல் திருத்த வேண்டிய வேலையாக மாற்றிவிட்டார்கள் என்று அழகு வியாபாரத்தை அதில் விளாசுகிறார். அதே வியாபாரத்தோடு ஏன் கைகோத்தார் என்பதுதான் என் கேள்வி, நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.