பட்டப்படிப்பா, கைத்தொழிலா: எதைப் பார்த்து முடிவெடுப்பது?

கேள்வி (ஒரு தகப்பன்):
அனைவருக்கும் வணக்கம். என் மகள் பள்ளி இறுதியாண்டில் இருக்கிறாள். இயற்பியலில் நல்ல மதிப்பெண் வாங்குபவள்தான்; ஆனாலும் கல்லூரிக்குப் போவதைவிட வெல்டிங் கற்றுக்கொண்டு விரைவில் வேலையில் சேரவே விரும்புகிறாள். பட்டம் இல்லாவிட்டால் ஒரு கட்டத்துக்கு மேல் உயர முடியாது என்று என் மனைவி அஞ்சுகிறார். படித்த படிப்புக்குச் சற்றும் தொடர்பில்லாத வேலையில் இருக்கும் பட்டதாரிகளை நிறையவே பார்த்திருப்பதால், மகள் பேச்சிலும் நியாயம் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. தொடக்கச் சம்பளத்தை மட்டும் ஒப்பிட்டு முடிவெடுக்கலாமா?

பதில் (வெல்டிங் ஆய்வாளர்):
வேண்டாம், ஐயா. கல்லூரி மாணவர் கட்டணம் கட்டிக்கொண்டிருக்கும் வயதில் தொழில் பழகுபவர் சம்பாதிக்கத் தொடங்கிவிடுவதால், முதல் சில ஆண்டுகளில் கைத்தொழில் முன்னே நிற்பதில் வியப்பில்லை. அந்தத் தொழிலுக்குள் மேலே ஏறப் படிகள் இருக்கின்றனவா என்றுதான் பார்க்க வேண்டும். மேசைமேல் கிடக்கும் தகட்டைப் பற்றவைப்பவரும் வெல்டர்தான், 6ஜி என்னும் கடினமான குழாய் வெல்டிங் தேர்வில் தேறியவரும் வெல்டர்தான். ஆனால் இருவருக்கும் கிடைக்கும் வேலையும் ஊதியமும் ஒன்றல்ல. 6ஜி தேர்வில் குழாயை 45 பாகை சாய்வில் அசையாமல் பொருத்திவிடுவார்கள். அதைத் திருப்பிக்கொள்ள அனுமதி கிடையாது என்பதால், வெல்டர்தான் குழாயைச் சுற்றி வளைந்து, நிலை மாற மாறக் கையின் கோணத்தையும் வேகத்தையும் மாற்றிக்கொண்டே வரவேண்டும். முதல் அடுக்கான ரூட் உள்பக்கம்வரை ஊடுருவாவிட்டால் எக்ஸ்-ரே படம் காட்டிக்கொடுத்துவிடும். துருப்பிடிக்காத எஃகுக் குழாயில் ஆர்கான் வாயுவை உள்ளே செலுத்தாமல் பற்றவைத்தால், வெளியே அழகாகத் தெரியும் இணைப்பு உள்ளே கருகிப் பொரிந்து கிடக்கும். இந்த நுணுக்கங்களுக்குப் பின்னால் இருப்பதெல்லாம் உங்கள் மகள் படிக்கும் இயற்பியல்தான்.

இன்னொன்றையும் அவளிடம் சொல்லிவையுங்கள். ஏ.எஸ்.எம்.இ. என்னும் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் விதிகளின்படி, ஒரு வெல்டிங் முறையில் ஆறு மாதம் வேலை செய்யாமல் இருந்தால் அதற்கான தகுதி காலாவதியாகிவிடும். பட்டத்துக்கு அந்தக் கெடு இல்லை. மற்றபடி, அமெரிக்க வெல்டிங் சங்கத்தின் ஆய்வாளர் சான்றுக்குப் பட்டம் கட்டாயமில்லை. பள்ளிப் படிப்பும் போதிய ஆண்டுகள் தொழில் அனுபவமும் இருந்தால் தேர்வு எழுதலாம்.

பதில் (கல்லூரி ஆசிரியர்):
உங்கள் மனைவியின் அச்சத்தை எளிதாக ஒதுக்கிவிட வேண்டாம். பொருளாதார அறிஞர் எரிக் ஹனுஷெக்கும் அவருடைய சக ஆய்வாளர்களும் பல நாடுகளின் தரவுகளை ஆராய்ந்து 2017-இல் வெளியிட்ட கட்டுரையில், தொழிற்கல்வி பெற்றவர்களுக்கு இளமையில் வேலை எளிதாகக் கிடைப்பதும், வயது ஏற ஏற அந்தச் சாதகம் தேய்வதும் தெரிந்தன. தொழில் பழகுநர் முறை வலுவாக உள்ள ஜெர்மனி, டென்மார்க், ஸ்விட்சர்லாந்து ஆகிய நாடுகளில்தான் இது கூடுதலாகத் தென்பட்டது என்பது கவனிக்கத்தக்கது. குறிப்பிட்ட ஒரு தொழில்நுட்பத்துக்கென்றே பழகிய கை, அது வழக்கொழியும்போது தடுமாறுகிறது என்பதே அவர்கள் தரும் விளக்கம்.

ஆனால் அதே ஜெர்மனியில், பயிற்சி முடித்து 'மைஸ்டர்' எனப்படும் தலைமைக் கைவினைஞர் தகுதி பெறுபவரை, படிப்புகளையும் பயிற்சிகளையும் நிலைவாரியாக வரிசைப்படுத்தும் நாட்டின் தகுதிச் சட்டகம் இளநிலைப் பட்டதாரிக்கு இணையாக ஆறாம் நிலையில் வைக்கிறது. கதவு அப்படித் திறந்திருக்கும் இடத்தில் கைத்தொழிலைத் தேர்ந்தெடுப்பதை நானும் ஆதரிப்பேன். பின்னாளில் படிக்க வழியில்லாத பயிற்சியாக இருந்தால் தயங்குவேன்.

பதில் (இயந்திரப் பராமரிப்பாளர்):
சம்பளத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், உடம்பைப் பற்றி யாரும் பேசவில்லை. வெல்டிங் புகையை உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, புற்றுநோய் விளைவிப்பவற்றின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. புகை உறிஞ்சியும் முறையான முகக்கவசமும் தராத பட்டறையில், சம்பளம் எவ்வளவு அதிகமானாலும் உங்கள் மகள் சேரக் கூடாது.

கேள்வி கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. பயிற்சி முடிந்த பிறகும் மேற்படிப்புக்கு அனுமதி உண்டா என்று விசாரிக்கிறேன். பயிற்சி நிலையத்தின் தரத்தை எப்படி அறிவது?

பதில் (வெல்டிங் ஆய்வாளர்):
கட்டடத்தைப் பார்க்காதீர்கள். வாரத்தில் ஒரு மாணவர் எத்தனை மணி நேரம் தன் கையால் பற்றவைக்கிறார் என்று அங்கே படிப்பவர்களிடமே கேளுங்கள். ஒரு மெஷினுக்குப் பத்துப் பேர் வரிசையில் நிற்கிறார்கள் என்றால் வேறு இடம் பாருங்கள்.