புதுப்பிப்பு: மிஸ்ஸி அக்கா பேர்ல உதவித்தொகை, முதல் பொண்ணு கிளம்பிட்டா

போன வருஷம் எழுதியிருந்தேன்ல, எங்க தோட்ட கிளினிக்ல நர்ஸா வேலை பார்த்த மிஸ்ஸி அக்கா (இங்க மலேசியாவுல நர்ஸ மிஸ்ஸின்னுதான் கூப்பிடுவோம்) தவறிட்டாங்க, அவங்க பேர்ல நம்ம பொண்ணுங்க படிக்க ஏதாச்சும் செய்யணும்னு. நிறைய பேர் பணம் போட்டீங்க, ரொம்ப நன்றி.

சங்கமா பதிவு பண்ணாம பேங்க்ல கணக்கு திறக்க முடியல, அதனால கோயில் கமிட்டி கணக்குலயே தனி நோட்டு போட்டு வச்சோம். 8,400 வெள்ளி (ரிங்கிட்) சேந்துச்சு.

அக்கா வீட்டுல ஒரு நீலக்கலர் பள்ளிக்கூட நோட்டு கெடச்சுது. தோட்டத் தொழிலாளிங்க குடியிருக்கற லயத்துல வீடு வீடா பொம்பளைங்க பேரு, யாரு பாப் ஸ்மியர் (கர்ப்பப்பை வாய் புற்றுநோய்க்கான பரிசோதனை) எடுத்தாங்க, யாரு வரமாட்டேன்னுட்டாங்க, பக்கத்துல பென்சில்ல "திரும்ப போகணும்". 2010ல ஸ்கூல்ல 13 வயசு பொண்ணுங்களுக்கு எச்பிவி ஊசி (அதே புற்றுநோய் வராம தடுக்கற தடுப்பூசி) ஆரம்பிச்சப்போ பயந்த அம்மாமாருங்க பேரு கூட இருக்கு, ரப்பர் பால்வெட்டு முடிஞ்சு வர்ற நேரம் பார்த்து போய் பேசியிருக்காங்க. எங்கம்மா பேரும் இருந்துச்சு, அதுக்கு நேரா மூணு டிக்.

எஸ்பிஎம் (அஞ்சாம் படிவ பரீட்சை) ரிசல்ட்ட மட்டும் பாக்காம வீட்டுக்கே போய் பேசித்தான் எடுத்தோம். செம்பனை தோட்டத்துல வேலை செய்யற அம்மாவோட மூத்த பொண்ணு, 3 வருஷ நர்சிங் டிப்ளோமா. திங்கக்கிழமை ஈப்போ பஸ் ஏத்திவிட்டோம். அந்த நோட்ட ஒருநாள் வச்சுப் படிக்கலாமான்னு கேட்டா, குடுத்தனுப்பிட்டேன்.

அடுத்த வருஷத்துக்கு இன்னும் ரெண்டு பொண்ணுங்க கேட்டிருக்காங்க, பணம் பத்தாது, முடிஞ்சவங்க சொல்லுங்க.