திருச்சி ஏர்போர்ட்டில் நீங்கள் பார்த்து, இன்னும் மறக்க முடியாத ஒன்றை எழுதுங்கள்

புதுகை மணி

பழைய டெர்மினல் காலம். சிங்கப்பூர் ஃபிளைட் நேரத்தில் அந்த வாசல் எப்படி இருக்கும் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். மச்சானை உள்ளே அனுப்பிவிட்டு நிற்கிறேன். பக்கத்தில் அறந்தாங்கிப் பக்கத்துக் குடும்பம், பையன் முதல் தடவை வேலைக்குப் போகிறான். அவன் உள்ளே போன பிறகுதான் அப்பத்தாவுக்கு ஞாபகம் வந்தது, விபூதிப் பொட்டலம் மடியிலேயே இருக்கிறது. கூட்டத்தைத் தள்ளி நிற்கச் சொல்லிக்கொண்டிருந்த சிஐஎஸ்எஃப் ஜவானிடம் நேரே போய், "யய்யா, நீலச் சட்டை போட்டிருக்கான், அவனைக் கொஞ்சம் கூப்பிடு" என்றது. அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் பொட்டலத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டிப் பையனை வாசலுக்கு வரவழைத்தார். அப்பத்தா எட்டிப் பூசிவிட்டது. அவன் திரும்பியதும் அந்த ஜவான் தொப்பியைக் கழற்றிவிட்டுக் குனிந்து தன் நெற்றியைக் காட்டினார். அப்பத்தா அவருக்கும் பூசி, வாய்க்குள் ஏதோ சொல்லி ஊதிவிட்டது.

இந்த ஏர்போர்ட் என்றாலே எனக்கு அந்தக் குனிந்த தலைதான். உங்களுக்கு?

கீரனூர் வாசு

2024 ஆயுத பூஜை, அக்டோபர் 11. ஷார்ஜா ஃபிளைட். எல்லோருக்கும் தெரிந்த கதைதான். ஆனால் டிவியில் பார்த்தவர்களுக்கும் எங்களுக்கும் வித்தியாசம் உண்டு. எங்கள் தலைக்கு மேலேதான் அது சுற்றிக்கொண்டிருந்தது.

மாலையில் வண்டிகளுக்குச் சந்தனம் வைத்துக்கொண்டிருந்தோம். ஒரு விமானம் தாழப் போனது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும், அப்புறம் மறுபடியும். போனைத் திறந்தால் ஹைட்ராலிக் கோளாறு, உள்ளே 140 பேருக்கு மேல் என்று வருகிறது. எதிர் வீட்டுப் பையன் அன்றுதான் கிளம்பியிருந்தான், அதே ஃபிளைட். அவன் அம்மா மொட்டை மாடிக்கு வந்து கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். சத்தம் வரும்போதெல்லாம் எண்ணுகிறார். "இது எட்டு", "இது ஒன்பது". யாராவது பேச்சுக் கொடுத்தால் எண்ணிக்கை தப்பிவிடும் என்று கையைக் காட்டி நிறுத்துகிறார். இருட்டிய பிறகு சிவப்பு விளக்கு மட்டும்தான் தெரிந்தது. எட்டே கால் வாக்கில் பத்திரமாக இறங்கிவிட்டது என்று செய்தி வந்த பிறகும் அவர் இறங்கி வரவில்லை. பையன் போனில் பேசிய பிறகுதான் சுவரை விட்டார்.

அதே ராத்திரி கவரப்பேட்டையில் ரயில் விபத்து. டிவி அந்தப் பக்கம் போய்விட்டது. எனக்கு இன்னும் அந்த எண்ணிக்கை காதில் கேட்கிறது.

செம்பட்டு வாசி

வாசு அண்ணே, அன்றைக்கு ஏர்போர்ட் பக்கம் நின்றவன் நான். ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் வரிசை கட்டி நின்றன. என் கதை அது இல்லை, 2018 அக்டோபர் 12. நடுராத்திரி தாண்டி ஒன்றரை மணி வாக்கில் துபாய் ஃபிளைட் காம்பவுண்ட் சுவரில் இடித்துவிட்டுப் போனது. விடிந்ததும் போய்ப் பார்த்தேன். சுவரின் மேல்பகுதி பெயர்ந்து கல்லாகக் கிடந்தது. அதை இடித்த விமானம் அதற்குப் பிறகும் மணிக்கணக்கில் பறந்து மும்பையில் இறங்கியிருக்கிறது, 136 பேரும் உயிரோடு. அந்த உடைந்த சுவர் பக்கம் நின்றபோது முதுகு சில்லிட்டது.

இந்த ஊருக்கு ரன்வே பத்தாது. அவ்வளவுதான் விஷயம்.

ரன்வே 27

செம்பட்டு நண்பருக்கு: பார்த்ததை நம்புகிறேன், முடிவை ஏற்க மாட்டேன். ரன்வே 8,136 அடி. அந்த வகை 737 விமானத்துக்கு அது தாராளம், தினமும் அதே நீளத்தில்தான் ஏறுகின்றன. 2018 விபத்தை விசாரித்த அறிக்கையே வேறு காரணம் சொல்கிறது. ஓடி வேகமெடுக்கும் நேரத்தில் விமானியின் இருக்கைச் சாய்வு திடீரெனப் பின்னால் போய்விட்டது. அவர் கை எஞ்சின் விசைக் கம்பியில் இருந்ததால் அதுவும் பின்னால் இழுபட்டு, விசை குறைந்துவிட்டது. குறைந்ததை யாரும் உடனே கவனிக்கவில்லை. பத்தாயிரம் அடி ரன்வே இருந்திருந்தாலும் அந்த நாற்காலி சாய்ந்துதான் இருக்கும்.

ரன்வேயை நீட்ட வேண்டும் என்பது சரி. பெரிய விமானம் முழு பாரத்தோடு ஏற அது வேண்டும். அதற்கான நிலம் எடுக்கும் வேலை வருடக்கணக்காக இழுக்கிறது. அந்த நியாயமான கோரிக்கையை இந்த விபத்தோடு முடிச்சுப் போட்டால் கோரிக்கைதான் பலவீனமாகும்.

வாசு சொன்ன அன்றைக்கு ஏன் அத்தனை நேரம் சுற்றியது என்று இப்போதும் பலர் கேட்கிறார்கள். 737-க்கு எரிபொருளை வானில் கொட்டும் வசதி கிடையாது. ஷார்ஜா வரை போக நிரப்பிய எண்ணெய் இறக்கையில் இருக்கிறது. அந்தப் பாரத்தோடு, பிரேக் ஒழுங்காகப் பிடிக்குமா என்ற சந்தேகத்தோடு இறங்க முடியாது. சுற்றித்தான் எரிக்க வேண்டும். அந்த அம்மா எண்ணிய ஒவ்வொரு சுற்றும் அவர் மகனுக்குப் பாதுகாப்பு கூடிய சுற்று.

செம்பட்டு வாசி

அறிக்கை படித்தவர் நீங்கள், சுவர் பக்கம் குடியிருப்பவன் நான். நாற்காலி சாய்ந்தாலும் முன்னால் இன்னும் இரண்டாயிரம் அடி இருந்தால் சுவர் தப்பித்திருக்கும். இதற்கு என்ன சொல்வீர்கள்?

கொட்டப்பட்டு தர்ஷி

அண்ணாமார் சண்டை முடியட்டும், நான் நடுவில் சொல்லிவிடுகிறேன். ஏர்போர்ட்டுக்குப் பக்கத்து இலங்கை அகதிகள் முகாமில் பிறந்து வளர்ந்தவள் நான். விமானச் சத்தத்தில்தான் படித்தோம். ஆனால் எங்கள் ஆட்கள் அதில் ஏறுவது அபூர்வம்.

பெரியம்மா 1990-ல் படகில் வந்தவர். ஐ.நா. அகதிகள் அமைப்பான யுஎன்எச்சிஆர் மூலமாக ஊருக்குத் திரும்பினார். பாஸ்போர்ட் கிடையாது, இலங்கைத் துணைத் தூதரகம் கொடுத்த தற்காலிகப் பயணத் தாள்தான். செக்-இன் தராசில் ஒரு பழைய சேலை மூட்டை. கவுண்டர் பிள்ளை என்னவென்று கேட்டாள். அவிழ்த்துக் காட்டினால் தையல் மிஷின் தலை, கறுப்பு இரும்பு, பூப்படம் பாதி அழிந்தது. "அங்கே வாங்கலாமே பாட்டி" என்றாள் அவள். "இதுதான் எங்களுக்கு இங்கே சோறு போட்டது" என்றார் பெரியம்மா. அந்தப் பிள்ளை தானே எழுந்து வந்து முடிச்சை இறுக்கிக் கட்டி, பட்டையை ஒட்டி அனுப்பினாள்.

அவர் கொழும்பில் இறங்கி, ராத்திரி முழுக்கப் பஸ்ஸில் யாழ்ப்பாணம் போனார். இப்போது 2025 மார்ச் கடைசியிலிருந்து திருச்சியில் ஏறினால் நேரே யாழ்ப்பாணத்துப் பலாலி ஏர்போர்ட். அந்தக் காலத்து ஏர் சிலோன் விமானம் இதே வழியில் ஓடியதைப் பற்றி அம்மம்மா கதை கதையாகச் சொல்வார். பெரியம்மாவைப் பார்க்க நானும் ஒருநாள் அதில் போவேன்.

உறையூர் சங்கர்

மேலே எழுதிய எல்லோரையும் படித்தேன். போன மாதம் என் முன்னால் நின்ற அம்மாவின் பெட்டியிலிருந்து கொப்பரைத் தேங்காயை வெளியே எடுக்கச் சொன்னார்கள். அவர் முகம் வாடியதைப் பார்த்ததிலிருந்து இதைச் சொல்ல வேண்டும் என்று இருந்தேன்.

கொப்பரையில் எண்ணெய் அதிகம், தீப்பிடிக்கும். கைப்பையிலும் வேண்டாம், பெட்டியிலும் வேண்டாம். பவர் பேங்க் கைப்பையில் மட்டும். ஊறுகாயும் நெய்யும் பெட்டியில் போகட்டும், கைப்பையில் வைத்தால் செக்யூரிட்டியில் நிறுத்துவார்கள். வீட்டிலேயே எடை போட்டுக்கொண்டு வாருங்கள். கவுண்டர் முன்னால் சட்டையையும் முறுக்கையும் தரையில் பரப்பிப் பிரிப்பது யாருக்கும் வரக் கூடாத நிலை.

மலேசியா, சிங்கப்பூர் இரண்டுக்கும் வருகை அட்டையை, இறங்கும் நாளையும் சேர்த்து 3 நாளுக்குள் ஆன்லைனில் நிரப்ப வேண்டும். இரண்டுமே இலவசம். அரசு இணையதளத்தில் மட்டும் நிரப்புங்கள். ஊரில் ஒரு ஏஜென்ட் இதற்கே பணம் வாங்குவதைக் கண்ணால் பார்த்தேன், வயிறு எரிந்தது.

பத்தாவது பாஸ் செய்த பிள்ளைகள் அந்தச் சான்றிதழைக் காட்டிப் பாஸ்போர்ட் வாங்கினால் குடிபெயர்வு அனுமதித் தொல்லை கிடையாது. அது இல்லாதவர்கள் வளைகுடாவுக்கோ மலேசியாவுக்கோ வேலைக்குப் போவதென்றால் அந்த அனுமதி இல்லாமல் விமான நிலையத்துக்கே வராதீர்கள். சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

பட்டுக்கோட்டை ரவி

2024 ஜூன் 11-ல் புது டெர்மினல் பயன்பாட்டுக்கு வந்தபோது எல்லோரும் கோபுர வடிவத்தையும் ஓவியங்களையும் போட்டோ எடுத்தார்கள். என் கால் சரக்குப் பக்கம் போகிற வழியில்தான் நின்றது. கூட வேலை பார்த்தவன் வளைகுடாவில் மாரடைப்பில் போய்விட்டான். பெட்டி வந்தது சரக்குப் பிரிவுக்கு. அவன் அப்பா கையெழுத்துப் போடும் முன் பெட்டி மேல் ஒட்டிய தாளைக் காட்டி, "தம்பி, இதுல என் மகன் பேர் எங்க இருக்கு, விரலை வச்சுக் காட்டு" என்றார். காட்டினேன். அந்த எழுத்துகள் மேல் தன் விரலையும் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

திருவாரூர் பிள்ளை

ரவி அண்ணா, எங்கள் சொந்தத்தில் இப்போது இதே நிலைமை. சித்தப்பா சவூதியில் இறந்துவிட்டார். என்னென்ன தாள் வேண்டும் என்று சொல்ல முடியுமா? இங்கே கேட்பதற்கு மன்னிக்கவும்.

பட்டுக்கோட்டை ரவி

மன்னிப்பெல்லாம் வேண்டாம் தம்பி. அங்கே எடுக்க வேண்டியது: இறப்புச் சான்றிதழ், உடலைப் பதப்படுத்தியதற்கான சான்றிதழ், இந்தியத் தூதரகத்தின் தடையில்லாச் சான்றிதழ், ரத்து செய்த பாஸ்போர்ட். குடும்பத்தின் சம்மதக் கடிதத்தை நீங்கள் இங்கிருந்து அனுப்ப வேண்டும், அதை முதலில் செய்யுங்கள். கம்பெனியில் ஒருவரைப் பிடித்து அவரிடமே பேசுங்கள், பத்துப் பேர் பேசினால் தாள் நகராது. சென்னையில் அயலகத் தமிழர் நலத்துறைக்கு இன்றே மனுக் கொடுங்கள். ஏர்போர்ட்டிலிருந்து வீடு வரை வண்டிக்கு அவர்கள் உதவுவார்கள். விமானம் எந்த நாள் என்று தெரிந்ததும் எழுதுங்கள், நான் வந்து நிற்கிறேன்.