மறுமொழி: ‘புத்துயிர் ஊசி’ வேண்டாம், ‘தூண்டூசி’ சரிவருமா?

வணக்கம் அன்பர்களே.

தேய்ந்த மூட்டிலும் புண்பட்ட நாரிலும் நம் இரத்தத்தின் தட்டணுவையோ (பிளேட்லெட்) சர்க்கரைக் கரைசலையோ ஏற்றும் ‘ரீஜெனரேட்டிவ்’ ஊசிக்குத் தமிழ்ப் பெயர் தேடுகிறோம். மூன்று நாள்களாக எல்லார் மடலையும் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். இதுவரை வந்தவை மீளுருவாக்க ஊசி, புத்துயிர் ஊசி, திசுவாக்க ஊசி, அப்புறம் ஒலியை அப்படியே எடுத்துக்கொண்ட புரோலோதெரபி. ஈப்போ ஐயா நேற்று இப்படி எழுதியிருந்தார்:

> ‘ரீஜெனரேட்டிவ்’ என்றாலே மீளுருவாக்கம். அதோடு ஊசியைச் சேர்த்தால் வேலை முடிந்தது.

ஐயா, சொல்லுக்குச் சொல் சரிதான். எனக்கு உறுத்துவது வேறு. ஊசி போட்ட பிறகு நடக்கலாம், நடக்காமலும் போகலாம் என்றிருக்கும் ஒன்றை, அந்தப் பெயர் முன்கூட்டியே நடந்ததாகச் சொல்லிவிடுகிறது.

நான் பட்டர்வொர்த்தில் பிசியோதெரபி பார்க்கிறவள். என் அம்மாவுக்கு வயது 68. தோட்டத்தில் பால்மரம் சீவியவர். முட்டி இரண்டும் தேய்ந்துவிட்டன. போன வருடம் ஒரு கிளினிக்கில் கொடுத்த தமிழ்த் துண்டறிக்கையில் ‘புத்துயிர் ஊசி’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. தேய்ந்த குருத்தெலும்பு திரும்ப முளைத்துவிடும், தைப்பூசத்துக்குப் பினாங்குத் தண்ணீர்மலைக் கோயிலின் 500-க்கும் மேற்பட்ட படிகளை மறுபடி ஏறிவிடலாம் என்றே அம்மா நம்பினார். ஊசி போட்ட இரண்டாம் நாள் இரவு முட்டி வீங்கி, கால் மடக்க முடியவில்லை. “வலி போகத்தானே ஊசி போட்டாங்க, இது ஏன் கூடுது?” என்று அழுதார். நான் வேலை முடிந்து வந்து பார்த்தபோது, அலமாரியில் கிடந்த பழைய வீக்க மாத்திரை அட்டையில் இரண்டு குழி காலி.

அந்த மாத்திரையைத்தான் அப்போது போடக்கூடாது என்று பல மருத்துவர்கள் சொல்வார்கள். காரணம் இந்தச் சிகிச்சையின் அடிப்படையிலேயே இருக்கிறது. நமக்குப் பழக்கமான ஸ்டீராய்டு ஊசி அழற்சியை, அதாவது புண்பட்ட இடத்தில் வரும் வீக்கத்தையும் சூட்டையும், அடக்கும். இது நேர்மாறு. நாட்பட்ட புண்பட்ட நாரில் உடல் தன் வேலையைப் பாதியில் விட்டுவிட்டது என்று கொண்டு, அங்கே சிறிய அளவில் அழற்சியைக் கிளப்பிவிடுகிறார்கள். அழற்சி வந்தால் செல்கள் வரும், செல்கள் வந்தால் கொலாஜன் நார் புதிதாக இழைக்கப்படும், மாதக்கணக்கில் அது முறுக்கேறும் என்பது கணக்கு. ஊசியில் போவது நாரும் அல்ல, குருத்தெலும்பும் அல்ல. உடலைச் சீண்டும் ஒரு சீண்டல், அவ்வளவே.

அம்மா தினமும் சாமி விளக்கில் திரியைத் தூண்டிவிடுவார். தூண்டுகிற குச்சி எண்ணெய் ஊற்றுவதில்லை. விளக்கில் எண்ணெய் இருந்தால் சுடர் நிமிரும், இல்லாவிட்டால் திரி கருகும். அங்கிருந்துதான் எனக்கு ‘தூண்டூசி’ கிடைத்தது.

வினைத்தொகை. ஊறுகாய், சுடுசோறு மாதிரி. தூண்டிய, தூண்டுகிற, தூண்டும் ஊசி, மூன்று காலத்துக்கும் பொருந்தும். தூண்டியதால் என்ன விளையும் என்பதைப் பற்றி அந்தச் சொல் வாயே திறக்கவில்லை பாருங்கள், அதுதான் எனக்கு வேண்டும். ‘தடுப்பூசி’ ஏற்கெனவே எல்லார் நாக்கிலும் இருப்பதால் ஓசையும் அந்நியமாக இராது. சகோதரி ஒருவர் ‘ஊக்க ஊசி’ என்று கேட்டிருந்தார். கோவிட் காலத்து ஊக்கத் தடுப்பூசியோடு குழம்பிவிடும் என்பதால் அதைத் தவிர்க்கலாம்.

ஆங்கிலப் பெயரிலும் இதே சிக்கல் உண்டு. அமெரிக்க அறுவை மருத்துவர் ஜார்ஜ் ஹாக்கெட் 1950களில் ‘புரோலோதெரபி’ என்றபோது, பெருகுதல் என்ற பொருளுள்ள ‘புரோலிஃபரேஷன்’ சொல்லிலிருந்து முன்பாதியை எடுத்துக்கொண்டார். பெருகும் என்ற வாக்குறுதி பெயரிலேயே ஏறிவிட்டது. நாமும் அதைத் தமிழில் சுமக்க வேண்டியதில்லை. 2021-இல் வெளிவந்த ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்றில் முட்டித் தேய்மானம் உள்ள 288 பேருக்கு, சிலருக்குத் தட்டணு ஊசியும் சிலருக்கு வெறும் உப்புநீரும் போட்டார்கள். 12 மாதம் கழித்துப் பார்த்தால் வலியிலும் குருத்தெலும்பின் அளவிலும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. அமெரிக்க மூட்டுநோய் மருத்துவர் சங்கமும் (ஏசிஆர்) 2019 வழிகாட்டியில் முட்டித் தேய்மானத்துக்கு இதைப் பரிந்துரைக்கவில்லை. முழங்கை நாண்வலி போன்றவற்றில் சிலருக்குப் பலன் தெரிகிறது, ஆய்வுகள் அங்கும் ஒத்துப்போகவில்லை. இப்படி இருக்கும் ஒன்றுக்குப் ‘புத்துயிர்’ என்று பெயர் வைப்பது என் அம்மா போன்றவர்களின் காசோடும் நம்பிக்கையோடும் விளையாடுவது.

இனி வகைப் பெயர்கள். சொந்த இரத்தத்தை எடுத்து, கருவியில் சுழற்றி, அடியில் சிவப்பும் மேலே வைக்கோல் நிற நீருமாகப் பிரித்து, தட்டணு செறிந்த பகுதியை மட்டும் ஏற்றுவது ‘தட்டணுத் தூண்டூசி’. டிங்கிக் காய்ச்சலில் “பிளேட்லெட் இறங்கிடுச்சு” என்று பதறாத குடும்பம் நம்மில் குறைவு. அதே தட்டணுதான் என்றால் ஒரே வரியில் புரிந்துவிடும். பிளாஸ்மாவுக்கு ஓர் அன்பர் ‘நிணநீர்’ என்று எழுதியிருந்தார். அது வேறு திரவம், வேண்டாம். ‘குருதிநீர்’ போதும்.

டெண்டனுக்குத் தசைநாரா, தசைநாணா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. ஆனால் தசையை எலும்போடு கட்டி இழுப்பது நாண், எலும்பையும் எலும்பையும் பிணைப்பது இணைநார் என்று பிரித்துக்கொண்டால், வில்லின் நாணைப் பார்த்தவர் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. மலாயில் தெண்டோன், லிகாமென் என்று ஒலியோடு எடுத்துக்கொண்டார்கள். நமக்குச் சொல் கையில் இருக்கிறது.

நான் மாட்டிக்கொண்டது புரோலோதெரபி என்று சொல்லும் இன்னொரு வகையில். அதில் ஏற்றுவது 12.5 முதல் 25 விழுக்காடு டெக்ஸ்ட்ரோஸ், அதாவது குளுக்கோஸ் சர்க்கரைக் கரைசல். ‘சீனித் தூண்டூசி’ என்று எழுதிப் பார்த்து, அம்மாவிடம் படித்துக் காட்டினேன். “இனிப்பு நீர் உள்ளவங்களுக்குச் சீனியை ஏத்துவாங்களா?” என்று முகம் மாறிவிட்டது. 25 விழுக்காட்டில் 10 மில்லி என்றாலும் இரண்டரை கிராம்தான், ஒரு தே தாரிக்கில் (பால் தேநீர்) இதைவிட அதிகம் இருக்கும். இனிப்பு நீர் (நீரிழிவு) இருப்பதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும் என்பது வேறு விஷயம். ஆனால் பெயரே ஆளை விரட்டினால் விளக்கம் கேட்க யார் உட்காருவார்? ‘குளுக்கோஸ் தூண்டூசி’ என்று வைக்கலாமா? காய்ச்சலில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டவர்களுக்கு அந்தச் சொல்லில் பயம் இல்லை.

புதிய துண்டறிக்கையைத் தமிழில் நானே எழுதுகிறேன், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘ஊசி போட்ட 2, 3 நாள் வலி கூடலாம், வீக்க மாத்திரை போடுமுன் கேளுங்கள்’ என்பதை முதல் வரியாக வைத்திருக்கிறேன். தூண்டூசிக்கு மறுப்பு இருந்தாலும், குளுக்கோஸுக்கு மாற்று இருந்தாலும், வியாழன் இரவுக்குள் எழுதுங்கள்.

அன்புடன்,
பட்டர்வொர்த்திலிருந்து