கொழும்பில் ஓட்டிப் பழகிய காலும் வன்னி வீதியும்

கொழும்பிலிருந்து தூர ஊர்களுக்கு ஓட்டிப் போகிறவர்கள் எழுதியவை.

வெள்ளவத்தையிலிருந்து:

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வெளிக்கிட்டால் விடியற்காலை யாழ்ப்பாணம். ஒரு நாள் லீவு மிச்சம். எங்கள் ஒழுங்கையில் முக்கால்வாசிப் பேருக்கு இதுதான் கணக்கு. போன கார்த்திகை வரை எனக்கும்.

காலி வீதியில் இருபது வருடமாக ஓட்டுகிறேன். பஸ்காரர் எப்போது வெட்டுவார், ஓட்டோ எங்கே சட்டென்று நிற்கும் என்று காலுக்கே தெரியும். ஓமந்தை தாண்டி நேராக, வெறுமையாகக் கிடக்கும் ஏ-9 யாழ்ப்பாண வீதியில் அந்தக் கால் தூங்கிவிடுகிறது. அன்று 80இல் போய்க்கொண்டிருந்தேன் (70தான் சட்டம், தெரியும்). எதிரே வந்த பஸ் பெரிய லைட்டைத் தணிக்கவேயில்லை. அது கடந்த பிறகு கண்ணுக்குள் வெள்ளை மட்டும். வெள்ளை கரைந்தபோது முன்னால் கறுப்பாக ஒரு மேடு. மாடு! மற்றப் பக்கம் பார்த்துப் படுத்திருந்தது. எங்கள் பக்கம் பார்த்திருந்தால் கண்ணாவது மின்னியிருக்கும்.

பிறேக்கை அழுத்தி வலப்பக்கம் வெட்டினேன். அந்த நேரம் எதிரே வேறு வாகனம் வரவில்லை, அதனால் இதை எழுதுகிறேன். மாடு எழும்பக்கூட இல்லை. முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தோம். கச்சான் வாங்க மறந்துவிட்டோம். எங்கள் வீட்டில் அது நடக்காத காரியம்.

அப்புறம் கணக்குப் பார்த்தேன். 80இல் போனால் ஒரு செக்கனுக்கு 22 மீற்றர். டிம் லைட்டில் தெளிவாகத் தெரிவது 40, 50 மீற்றர்தான். கண்டு, கால் பிறேக்குக்குப் போவதற்குள்ளேயே 22 மீற்றர் போய்விடும். காய்ந்த வீதியில்கூட நிற்பதற்கு இன்னும் 30க்கு மேல் வேண்டும். அன்றோ மழை தூறியிருந்தது.

தெஹிவளையிலிருந்து:

நான் பிறந்தது நெடுங்கேணிப் பக்கம், அதனால் மாட்டுக்காகக் கொஞ்சம் பேசுகிறேன். மாரியில் வயலும் தரவையும் வெள்ளமாகக் கிடக்கும்போது காய்ந்த இடம் தார் வீதி மட்டும்தான். இளஞ்சூடும் இருக்கும். அது வேறு எங்கே போய்ப் படுக்கும்?

எனக்குப் பயம் லாண்ட்மாஸ்டர் என்கிற இரண்டு சில்லு உழவு மெஷினில்தான். பெட்டியில் வைக்கோல் ஏற்றி, பின் லைட் இல்லாமல் இருட்டில் ஊர்ந்துகொண்டிருக்கும். கிட்டப் போகும்வரை தெரியாது. அறுவடைக் காலத்தில் நெல் வேறு. வீதியின் பாதியில் காயப்போட்டு ஓரத்தில் கல் அடுக்குவார்கள். பின்னேரம் நெல்லை அள்ளிக்கொண்டு போவார்கள், கல்லை மறந்துவிடுவார்கள். என் மச்சானின் மோட்டார் சைக்கிள் அப்படியொரு கல்லில் ஏறித்தான் தோள் எலும்பு உடைந்தது. 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு எடுத்தேன். அம்புலன்ஸ் வர ஆயத்தம். எந்த இடம் என்று சொல்லத்தான் எனக்குத் தெரியவில்லை. சுற்றிவரக் காடு. டோர்ச்சோடு கிலோமீற்றர் கல்லைத் தேடி ஓடினேன். இப்போது ஓட்டும்போதே கல்லைக் கடக்கும் போதெல்லாம் இலக்கத்தை வாய்க்குள் சொல்லிக்கொள்வேன். மனைவி சிரிப்பா.

கொட்டாஞ்சேனையிலிருந்து:

மட்டக்களப்புக்குப் போகையில் ஹபரணை தாண்டி யானை. பின்னேரம் ஆறரை இருக்கும். எங்களுக்கு முன்னால் நின்ற வான்காரர் ஹோர்ன் அடித்தார். அது காதை விரித்துக்கொண்டு நாலு எட்டு முன்னால் வந்தது. வான் பின்னால் எடுக்க, நாங்களும் பின்னால் எடுக்க, எங்களுக்குப் பின்னால் ஒரு லொறி. தள்ளி நிறுத்தி, லைட்டைத் தணித்து, யாரும் இறங்காமல் இருபது நிமிடம் இருந்தோம். அது தன்பாட்டில் காட்டுக்குள் போனது. புத்தல-கதிர்காமம் வீதியில் யானை வாகனத்தை மறிப்பது சாப்பாட்டுக்குத்தான். பழம் கொடுத்துப் பழக்கியவர்கள் நாங்கள். பிறகு யானையைக் குற்றம் சொல்கிறோம்.

வெள்ளவத்தையிலிருந்து, மறுபடியும்:

பகலில் போகலாமே என்று கேட்டவர்களுக்கு: இந்த முறை அதிகாலை 4 மணிக்கு வெளிக்கிட்டேன். நீர்கொழும்பு தாண்டும் வரை நன்றாக இருந்தது. புத்தளம் போகும்போது தூக்கம் கண்ணைச் சுழற்றியது. தேநீர்க் கடையில் அரை மணித்தியாலம் சீற்றைச் சாய்த்துப் படுத்தேன். நேரத்துக்கு வெளிக்கிடுவதென்றால் முதல் நாள் நேரத்துக்குப் படுக்கவும் வேண்டும் போல.

வத்தளையிலிருந்து:

மன்னார்க் கழுதையை ஒருவரும் சொல்லவில்லையே. ஹோர்ன் அடித்தால் மாடு திரும்பியாவது பார்க்கும். நான் இறங்கிப் போய்த் தள்ளிவிட்டேன்.